லாபம், ரெண்டு, மூணு

நெல்லளந்தபுரத்துக்காரர்களான எங்களுக்கு இல்லை என்ற சொல் வாயில் வராது. உப்புத் தீர்ந்துபோனால் உப்பு நிறைஞ்சிருக்கு என்போம், விளக்கை அணைக்க மாட்டோம் அமர்த்துவோம், கடையை மூட மாட்டோம் எடுத்து வைப்போம், யாராவது போகிறேன் என்று சொல்லிவிட்டால் பிடித்து உட்காரவைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்துப் போயிட்டு வர்றேன் என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவோம், நெல்லோ எள்ளோ எதை அளந்தாலும் ஒன்று என்று தொடங்காமல் லாபம் என்று தொடங்கி அடுத்ததை ரெண்டு என்போம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். எழுதும்போது மட்டும் இல்லை என்று எழுதிக்கொள்ளலாம் என்று எங்களுக்குள் ஒரு சலுகை உண்டு, ஏனென்றால் எழுத்தை யாரும் காதால் கேட்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் பாத்திரக்கடைக்காரனான நான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய சந்தைக் கட்டடத்தில் கூரையிலிருந்து காரை விழ ஆரம்பித்த வருஷம், அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்றும், கட்டி முடியும்வரை வண்டிப்பேட்டைத் திடலில் தற்காலிகச் சந்தை போடுவது என்றும் நகர்மன்றத்தில் முடிவானது. வழக்கம்போல மூங்கிலும் கீற்றும் வரும் என்று நினைத்திருந்தோம். நகர்மன்றத் தலைவி கோகிலமோ மணிமொழியைக் கூட்டிவந்தார். மின்வாரியத்துக்கு மாற்றலாகி வந்த பொறியாளர் செல்வரங்கனின் மனைவி அவள், ஒன்பது வயதில் அருவி என்று ஒரே மகள், சென்னைப் பக்கத்து ஆட்கள். கழற்றி மாட்டுகிற கூடாரங்களை வடிவமைப்பது மணிமொழியின் தொழில். வெள்ளம் புகுந்த ஊரில் பள்ளிக்கூடமாக, திருவிழா ஊரில் ஆஸ்பத்திரியாக, எங்கோ ஒரு மலையடிவாரத்தில் ஒரு மாசம் மட்டும் நூலகமாக, அவள் செய்தவை பத்து ஊர்களில் நின்றுவிட்டுத் திரும்பியிருந்தன.

கூட்டத்தில் எங்கள் முன்னால் ஒரு முழ நீளக் கம்பிக்கட்டை வைத்தாள். ஒரு மூலையை அவளும் எதிர்மூலையை அருவியும் பிடித்து ஒரே நேரத்தில் தூக்கினார்கள். கட்டு குடை மாதிரி விரிந்து, நாலு காலும் துணிக் கூரையுமாக மேஜைமேல் நின்றது.

"நிஜத்துல இது பத்தடிக்குப் பத்தடி. ரெண்டு பேர் எதிரெதிர் மூலையில நின்னு தூக்கினா எட்டு நிமிஷம். ஒருத்தரால முடியாது, அது வேணும்னே வச்சதுதான், தனியா யாரும் தூக்கிட்டுப் போயிடக் கூடாது பாருங்க. குழி தோண்ட வேண்டாம், கால்ல தண்ணி கேனைக் கட்டினாப் போதும். வரிசையாக் கோத்தாத் தெரு, சுத்தி வச்சா முற்றம். வேலை முடிஞ்சதும் மடக்கி லாரியில ஏத்திடலாம். எடுத்தப்புறம் நின்ன இடமே தெரியாது" என்றாள்.

"அதென்னம்மா பேச்சு, நின்ன இடம் தெரியாதுன்னு" என்றார் பூக்கடை நடேசன்.

"தற்காலிகம்கிறது கெட்ட வார்த்தை இல்லீங்க. போக வேண்டிய நேரத்துல தடம் இல்லாமப் போறதுதான் அதோட அழகு."

ஒரே மூச்சில் இரண்டு தடவை அந்தச் சொல்லைச் சொன்னதால் நாங்கள் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டோம். ஆனாலும் அந்தச் சின்னக் கூடாரம் மேஜைமேல் அவ்வளவு லட்சணமாக நின்றது. சரி என்று கை தூக்கினோம்.

பங்குனி முதல் செவ்வாய், சந்தை நாளன்று காலையில், அறுபத்துநாலு கம்பிக்கட்டுகள் லாரியில் வந்து இறங்கின. நிறுத்துகிற வேலை மாரிக்கண்ணுவுடையது. ஊரில் எந்தப் பந்தலென்றாலும் அவனும் அவனுடைய பன்னிரண்டு ஆட்களும்தான். மணிமொழி அவற்றுக்கு வைத்திருந்த நீளமான பெயரை முதல் நாளே விட்டுவிட்டு அவர்கள் கூடு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அந்தப் பெயரே நிலைத்தது. மாரிக்கண்ணுவின் குடும்பம் களத்தில் மரக்கால் பிடித்து நெல் அளந்த குடும்பம். முதல் கூடு விரிந்ததும் அதன் காலைத் தட்டி, களத்துக் குரலில் இழுத்து, "லாபம்" என்றான்.

"ஒண்ணு" என்றாள் பக்கத்தில் நின்ற அருவி.

மாரிக்கண்ணு சிரித்துக்கொண்டே அவள் வாயை லேசாகப் பொத்தினான். மணிமொழி வரைபடத்தை விரித்துக் காட்டினாள்.

"பாப்பா சொல்றது சரிதானே அண்ணே. படத்துல ஒண்ணுன்னுதான் போட்டிருக்கேன்."

"படத்துல இருக்கட்டும்மா. வாயால சொல்லக் கூடாது. ஒண்ணுன்னா ஒத்தை. ஒத்தையா எதுவும் நிக்கக் கூடாது."

"லாபம்னா?"

"லாபம்னா இன்னும் வரும்னு அர்த்தம்."

மணிமொழியும் சிரித்துவிட்டாள். கால்களில் எண் எழுதும்போது மாரிக்கண்ணு முதல் கூட்டில் லா என்று எழுதினான், அடுத்ததில் இரண்டு, மூன்று என்று அறுபத்துநாலு வரை போனான். மத்தியானத்துக்குள் திடலில் எட்டுத் தெருவோடு ஒரு சந்தை நின்றது. ஒரு குழி தோண்டவில்லை, ஒரு முளை அடிக்கவில்லை. பழைய சந்தையில் மீன்கடைக்குப் பின்னால் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த எனக்கு முன்வரிசையில், நிழலோடு, நாலு பக்கமும் காற்று வருகிற மாதிரி ஓர் இடம் கிடைத்தது. மணிமொழியைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. அதை இப்போதும் மறுக்க மாட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடிந்தபோது அறுபத்தைந்து கூடுகள் இருந்தன.

அதே குழாய், அதே துணி, அதே கொக்கி, ஆணி தொலையாமல் இருக்க மணிமொழி வைத்திருந்த அதே குட்டிச் சங்கிலி. காலில் அறுபத்தைந்து என்று மாரிக்கண்ணுவின் கையெழுத்தில் எழுதி, சாயம் இன்னும் கொஞ்சம் ஈரமாக இருந்தது. மாரிக்கண்ணு தொட்டுப் பார்த்துவிட்டு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். கூடு எப்படி வந்தது என்று யாரும் அலட்டிக்கொள்ளவில்லை, யாருக்கு என்பதில்தான் அடிதடி வரைக்கும் போய், கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பூக்கடை நடேசனுக்கு விழுந்தது. இனி செவ்வாய்தோறும் காலை ஆறு மணிக்குச் சீட்டு என்று கோகிலம் கரும்பலகையில் எழுதிவைத்தார், செவ்வாய்தோறும் கூடும் சொல்லிவைத்த மாதிரி வந்தது.

மூன்றாவது செவ்வாயன்று மருந்துக்கடைக் காதர் பாய் தன் கடைக்குப் பின்னால் இருந்த சரக்கு அறைக்குப் போகப் பார்த்தார். கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. வெள்ளையடித்த பழைய சுவர், அதில் ஒரு ஆணி, ஆணியில் போன வருஷக் காலண்டர். உள்ளே இருந்த பெட்டிகள் எல்லாம் திடலில் அறுபத்தாறாவது கூட்டுக்குள் அடுக்கு குலையாமல் இருந்தன. மணிமொழியைக் கூப்பிட்டார்கள். அவள் அந்தச் சுவரை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், நிலைக்கதவு இருந்ததற்கு ஒரு கீறலாவது இருக்குமா என்று காதை வைத்துக்கூடக் கேட்டாள். எதுவும் இல்லை. அவ்வளவு சுத்தமான வேலையைத் தன்னைத் தவிர வேறு யாரும் செய்து அவள் பார்த்ததில்லை, அதனால்தானோ என்னவோ அவள் முகம் வெளிறிவிட்டது. காதர் பாய் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, கடை இரண்டாகிவிட்டது என்று எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார்.

அப்புறம் எல்லாம் பழகிவிட்டது. வாரத்துக்கு ஓர் அறை, பத்தடிக்குப் பத்தடி. அறை சின்னதாக இருந்தால் மிச்சத்தைப் பக்கத்து வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. சீட்டு முறையை நிறுத்தி, கூடு அறைக்காரருக்கே என்று தீர்மானம் போட்டோம். பூஜை அறை போனவர்கள் சாமி படங்களைக் குளிர்சாதனப் பெட்டிமேல் வைத்துக் கும்பிட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டில் எத்தனை அறை மிச்சம் என்று கேட்டுவிட்டுத்தான் காபியைக் கையில் வாங்கினார்கள். அளக்க வந்த சர்வேயர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, இந்த வீடு எப்போதுமே இந்த அளவுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சந்தை பெருகப் பெருக எட்டு ஊர்க்காரர்கள் எங்கள் ஊருக்கு வர ஆரம்பித்தார்கள், பேருந்துகள் வண்டிப்பேட்டையில் நின்று போயின. கூடத்தை மட்டும் அது தொடவில்லை, அதனால் திங்கட்கிழமை படுக்கும்போது எல்லோரும் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்தோம். ஒன்றிரண்டு வீடுகளில் மட்டும், வீட்டில் ஒத்துப்போகாதவர்களைக் காற்றோட்டம் என்று சொல்லி உள் அறையில் படுக்கவைத்தார்கள். யார் வீட்டில் என்று எழுத மாட்டேன், அவர்கள் இதைப் படிக்கக்கூடும்.

ஆளோடு போன முதல் அறை தபால்காரர் ஆரோக்கியத்தினுடையது. வைகாசியில் ஒரு நாள் அவர் தன் கட்டிலோடு எழுபத்துமூன்றாவது கூட்டில் கண் விழித்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். முதல் இரண்டு நாள் மனைவி அழுதாள், கட்டிக்கொண்டாள், சோறு போட்டாள். மூன்றாம் நாளிலிருந்து அவளுடைய கண்ணில் ஏதோ தளர ஆரம்பித்தது. எட்டாம் நாள் வாசலில் நின்றவரைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க, யாரைப் பாக்கணும்?" என்று கேட்டு, ஒரு சொம்பு மோர் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை மரியாதையாக நின்றாள். இதில் ஒரு விஷயம், மறந்தவர்கள் வீட்டுக்காரர்கள் மட்டும்தான். ஊருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆரோக்கியம் தன் பெயருக்கு வந்த கடிதத்தைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார், அப்படி யாரும் இல்லை என்று சொல்ல வாய் வராமல், அவர் வெளியூர் போயிருக்கிறார் என்று மனைவி திருப்பிக் கொடுத்துவிட்டாள். நாங்கள் யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டுமானால் உன் புருஷன் உன் வீட்டில் இல்லை என்றுதான் தொடங்க வேண்டும், அந்தச் சொல்லை ஒரு சுமங்கலியின் வாசலில் நின்றுகொண்டு யார் சொல்வது?

ஆனி மாதம் நாலாவது செவ்வாய், விடிந்தும் விடியாத நேரத்தில், கூடத்தில் படுத்திருந்த அருவி பள்ளிக்கூடப் பையை எடுக்கத் தன் அறைக்குள் போனாள்.

ஆறு மணிக்கு நான் கடை திறக்க வந்தபோது, எனக்கு நேர் எதிரே எண்பதாவது கூட்டில், பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "மாமா, எங்கம்மாவ வரச் சொல்றீங்களா?" என்றாள். மணிமொழி செருப்பில்லாமல் ஓடிவந்தாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒன்பது வயதுப் பிள்ளையை, அவ்வளவு தூரமும் இறக்கிவிடாமல் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுநாள் காலையில் கூடத்துப் பாய் காலியாக இருந்தது, அருவி கூட்டில் இருந்தாள். அன்று மணிமொழி கூட்டிலேயே அவளோடு படுத்தாள். விடிந்தபோது மணிமொழி தன் வீட்டுக் கூடத்தில் கண் விழித்தாள், அருவி கூட்டில். மூன்று நாள் இப்படியே நடந்தது. எட்டாம் நாள் செல்வரங்கன் சாப்பிட உட்கார்ந்து, "யாரோ ஒரு பாப்பாவ தினமும் கூட்டிட்டு வர்றியே, அவங்க வீட்ல தேட மாட்டாங்களா?" என்று கேட்டார்.

அன்றைக்கு மணிமொழி, வாரந்தோறும் ஒரு கட்டம் சேர்த்துவந்த தன் வரைபடத்தை எடுத்து, எண்பதாவது கட்டத்துக்குள், அருவி, என் மகள் என்று மையில் எழுதினாள். எழுதிய கையோடு மாரிக்கண்ணுவின் வீட்டுக்குப் போனாள்.

"கடைசிக் கூட்டை மடக்கிப் பாப்போம் அண்ணே. என்ன ஆகுதுன்னு பாப்போம்."

கடைசிக் கூடு அப்போது எண்பத்தொன்று, தையல்காரி ஜெயந்தியின் அறை. எதிரெதிர் மூலையில் நின்று இருவரும் மடக்கினார்கள். ஊருக்குள்ளே ஜெயந்தி வீட்டில் சாக்கு மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம், ஓடிப்போய்ப் பார்த்தால் கதவு இருந்தது, அறை இருந்தது, தையல் இயந்திரத்தில் பாதி தைத்த ரவிக்கை அப்படியே இருந்தது. மணிமொழி வாசலிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடுத்த செவ்வாய் எண்பத்தொன்றும் உள்ளே இருந்தவற்றோடு அப்படியே திரும்ப வந்தது, எண்பத்திரண்டும் வந்தது. மாரிக்கண்ணு தலையில் கை வைத்துக்கொண்டு முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான்: லாபம், ரெண்டு, மூணு. அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். முதல் கூட்டின் காலில் இருந்த லா என்ற எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு ஆரம்பமே இல்ல அண்ணே. ஒண்ணுன்னு ஒண்ணு இருந்தாத்தான் போய் முடியறதுக்கு ஒரு இடம் இருக்கும். நாம லாபம்னு சொல்லி நிறுத்தினோம், அது வந்துகிட்டே இருக்கு. பாப்பா அன்னைக்கே சரியாச் சொன்னா."

மாரிக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் கண்டுபிடித்த வழி எளிதானதுதான். ஒரே பகலில், கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே எல்லாக் கூட்டையும் மடக்க வேண்டும், கடைசியில் முதல் கூட்டின் காலைத் தட்டி ஒன்று என்று வாய்விட்டுச் சொல்லி அதையும் மடக்க வேண்டும். சொல்வதற்கு அவள் இருந்தாள். மடக்குவதற்கு ஆட்கள் வேண்டும். ஒருவரால் முடியாதபடி அவளே செய்து வைத்திருந்தாள், சோதித்துப் பார்த்த அந்த ஒரு கூட்டைத் தவிர, நகர்மன்றத்தின் கடிதம் இல்லாமல் பந்தல்காரர்கள் ஒரு கொக்கியைத் தொட மாட்டார்கள்.

கோகிலம் கூட்டம் போட்டார். மணிமொழி எங்கள் முன்னால் நின்று கை கூப்பினாள். எல்லோருக்கும் மனசு இளகியது, உண்மையாகவே இளகியது, பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனால் ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் எதையும் தொடங்குவதில்லை. ஆடி முடியட்டும் என்றோம். ஆவணி வந்ததும் கல்யாணச் சந்தை, முகூர்த்தம் முடியட்டும் என்றோம். புரட்டாசியில் கொலு பொம்மை விற்கிறவர்கள் வந்து காலில் விழுந்தார்கள். தீபாவளி முடியட்டும் என்று சொன்னது நான். என் கடைமுன் எட்டு ஊர்ப் பெண்கள் குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எதிர்க் கூட்டில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போதே சொன்னேன். அதற்கப்புறம் கார்த்திகை, அதற்கப்புறம் மார்கழி, மார்கழியில் சாமியைத் தவிர யாருக்கும் எதுவும் செய்வதில்லை. அது பாதி தாண்டிய நேரத்தில் யாரோ எண்ணிப் பார்த்து, கூடுகள் நூற்றைந்து ஆகிவிட்டன என்றார்கள். இவ்வளவு வந்தாச்சு, நூற்றெட்டு ஆகட்டுமே, நல்ல எண்ணாயிற்றே என்றார் காதர் பாய்கூட.

இதற்கிடையில் மணிமொழி தினமும் காலை ஏழு மணிக்கு வந்து அருவிக்குத் தலை பின்னிவிட்டாள். மற்றவர்கள் எட்டு நாளில் மறந்ததை அவள் மாசக்கணக்கில் மறக்காமல் வைத்திருந்தாள், வரைபடத்தை விரித்து அந்தக் கட்டத்தைப் படித்துவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவாள். ஆவணியில் ஒரு நாள் பின்னிக்கொண்டே, "உனக்கு எந்த ஸ்கூல்மா?" என்று கேட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஐப்பசியில் ஒற்றைச் சடைக்கும் இரட்டைச் சடைக்கும் தடுமாறினாள். கார்த்திகையில் ஒரு நாள் வந்து, சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று, கூட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுப் போனாள். அப்புறம் தலை பின்ன வரவில்லை.

அருவி ஏழு மணி ஆனதும் தலையைப் பிரித்துவிட்டுக்கொண்டு வழியைப் பார்ப்பாள். என் மனைவிதான் பின்னிவிட ஆரம்பித்தாள். சந்தையில் ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் என்னமோ நினைப்பார்களே என்று ஒரு கூடை எலுமிச்சம்பழத்தை அவள் முன்னால் வைத்ததும் என் மனைவிதான். நல்ல எண்ணத்தில்தான் வைத்தாள். முதலில் அருவி கூச்சப்பட்டாள். பிறகு பக்கத்துக் கடைக்காரிகளைப் பார்த்து, போகிற வருகிற பெண்களை எல்லாம், "அம்மா, வாங்கம்மா, எலுமிச்சம்பழம்மா" என்று கூப்பிடப் பழகிக்கொண்டாள். சந்தையில் எல்லாப் பெண்களும் அம்மாதான். அவள் குரல் நாளடைவில் மற்றக் குரல்களோடு சேர்ந்துவிட்டது, நானும் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

தை மாதம் முதல் செவ்வாய் நூற்றெட்டாவது கூடு வந்தது. தேங்காய் உடைத்தோம். இனிமேல் சாக்குச் சொல்ல மாசம் எதுவும் மிச்சமில்லாததால் மறுநாள் புதன்கிழமை பிரிப்பது என்று கோகிலம் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். காலையில் லாரிகள் வந்து நின்றன. மாரிக்கண்ணுவின் பன்னிரண்டு பேரும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நூற்றெட்டாவது கூட்டின் மூலைகளில் நின்றார்கள். என் நிழல், என் முன்வரிசை, என் எட்டு ஊர்ப் பெண்கள், எல்லாம் சாயங்காலத்துக்குள் லாரியில் ஏறிவிடும். பழைய வெயில் இப்போதே உச்சியில் உறைத்தது.

மணிமொழி வரைபடச் சுருளோடு வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். நூற்றெட்டுக் கூட்டையும் ஒரு பார்வை பார்த்தாள், அவள் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது.

"நல்லாத்தானே நிக்குது. எதுக்கு இப்பப் பிரிக்கிறோம்? புதுக் கட்டடம் இன்னும் அஸ்திவாரத்துலதானே இருக்கு?" என்று கேட்டாள்.

அவள் சுருளை என் கடைப் பலகைமேல் விரித்தாள். எண்பதாவது கட்டத்தில் அவள் விரல் நின்றது. அருவி, என் மகள். இரண்டு தடவை வாய்க்குள் படித்தாள்.

"இது யாரு எழுதினது?"

மாரிக்கண்ணு என்னைப் பார்த்தான். ஆரோக்கியம் தபால் பையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். கோகிலம் தரையைப் பார்த்தார். கேள்வி என் பலகைமேல் கிடந்தது. ஒரு வார்த்தைதான், உன் மகள் உன் வீட்டில் இல்லையம்மா, அதோ இருக்கிறாள். அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

"அந்தப் பிள்ளையோட அம்மா எழுதினதும்மா" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரும் பொய் சொல்வதில்லை.

"ஓ" என்றாள் மணிமொழி. கொஞ்ச நேரம் அந்த எழுத்தைப் பார்த்தாள். "நல்ல கையெழுத்து" என்று சொல்லிச் சுருளை மடித்துக்கொண்டாள்.

திரும்பியபோது எண்பதாவது கூடு அவளுக்கு நேர் எதிரே இருந்தது. அருவி எழுந்து நின்றிருந்தாள். தலையைப் பிரித்துவிட்டு, சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா" என்றாள்.

பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். மணிமொழி நின்றாள். கிட்டே போய்க் குனிந்து, கூடையைப் பார்த்தாள்.

"என்னம்மா வச்சிருக்க?"

அருவி அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சீப்பை மெதுவாகப் பைக்குள் வைத்தாள்.

"எலுமிச்சம்பழம்மா."

"வேணாம்மா" என்று சொல்லி அவள் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள் மணிமொழி. "வீட்ல நிறைஞ்சிருக்கு."

பத்து மாசமாக எங்கள் ஊரில் உப்பில்லை, பாலில்லை, மின்சாரமில்லை என்று மனசில் பட்டதைப் பட்டபடி சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான். அன்றைக்குத்தான் அவள் எங்கள் ஊர்க்காரி ஆனாள். எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது, ஆனால் அப்போது நான் செய்ததெல்லாம் ஒரு குடத்தை எடுத்துத் துடைத்ததுதான்.

இன்னும் கொஞ்ச நாள் நிற்கட்டும் என்று மணிமொழி சொல்லிவிட்டதால் ஆட்கள் தலைத் துண்டை அவிழ்த்து டீ குடிக்கப் போனார்கள். லாரிகள் வந்த மாதிரியே திரும்பின. அருவி உட்கார்ந்து, கூடையைக் கவிழ்த்து, சாக்கின்மேல் பழங்களைக் கூறு கட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணினாள், எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகவே எண்ணினாள். லாபம், ரெண்டு, மூணு.